வீரனுக்கு விலை வந்த வரலாறு

2008ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி மும்பாய் நகரிலே துடுப்பாட்ட வீரர்கள் ஏலத்தில் விடப்பட்டனர். நெல்லும் மாடும் மீனும் ஏலம் போவதைக் கண்டு பழகிய நம் மக்களுக்கு, மனிதரைப் பெயர் சொல்லி விலை கேட்டமை புதுமையாகவும் சற்றுக் கூச்சந் தருவதாகவும் இருந்திருக்கும். மகேந்திரசிங் தோனியைச் சென்னை அணி 15 இலட்சம் அமெரிக்க டொலருக்கு எடுத்தது. நம் நாட்டவருள் சனத் ஜயசூரிய 975,000 டொலருக்கு மும்பாய் அணிக்கும், குமார் சங்கக்கார 700,000 டொலருக்குப் பஞ்சாப் அணிக்கும், முத்தையா முரளிதரன் 600,000 டொலருக்குச் சென்னை அணிக்கும் சென்றனர். எட்டு அணிகள் ஏலத்தில் அமர்ந்திருந்தன. வீரர்களுக்காக எந்த அணியும் 50 இலட்சம் டொலருக்கு மேற் செலவிடலாகாது என்பது விதி.

ஆகவே, எல்லோர் கையிலும் ஏறக்குறைய ஒரே அளவு பணம் இருந்தது. விளைவோ ஒரே அளவாக அமையவில்லை. ஜூன் 1ஆந் திகதி நடந்த இறுதிப் போட்டியிற் சென்னையை மூன்று விக்கெட்டுகளால் வென்று கிண்ணத்தைப் பெற்றது ராஜஸ்தான் றோயல்ஸ். அணியின் உரிமையை 6 கோடி 70 இலட்சம் டொலர் என்ற மிகக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் அவர்களே. ஏலத்திலும், குறைந்தபட்சம் செலவிட வேண்டுமென விதிக்கப்பட்ட 33 இலட்சம் டொலரைக்கூட அவர்கள் எட்டவில்லை.

வெற்றி பெற விழையும் ஓர் அணி வீரர்மேல் எவ்வாறு செலவிட வேண்டும் என்னும் வினா வணிகத்துறை மாணவருக்கே உரியது போலத் தோன்றலாம். வரலாறு பயில்வோன் அதனை வேறு விதமாகக் கேட்பான். மலிவாகக் கிடைத்தவர் யாவர்? அவர் மலிவாகக் கிடைத்தமைக்குக் காரணம் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணாது முதல் வினாவுக்கு விடை காண இயலாது என்பதே இக்கட்டுரையாளனின் கருத்தாகும்.

விலை வெளிப்படையாகக் கூறப்படாத காலத்திலும் விலை இருந்தது. கொழும்பில் 1899இல் சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும், 1908இல் சோனகர் விளையாட்டுக் கழகமும் தோன்றின. இனப்பெயர் தாங்கிய இக்கழகங்களில் ஆடியோர் ஊதியம் பெறாத ஆர்வலர்களாகவே கருதப்பட்டனர். ஆனாற் பிற்காலத்திலே திறமையுள்ள இளைஞனுக்குக் கொழும்பு வர்த்தக நிறுவனம் ஒன்று உத்தியோகம் கொடுக்கும்; அவன் அந்நிறுவனத்தின் அணிக்கு ஆடுவான். சம்பளப் பட்டியலில் எழுதுவினைஞர் என்றிருக்கும்; உண்மையில் அவன் பெற்றது பந்துவீச்சுக்கான கூலி. கொழும்பில் வசிக்க முடியாதவனுக்கு இக்கூலியும் இல்லை.

இதனைவிட வெளிப்படையான முறை இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதியிலே நிலவியது. பஞ்சாலைத் தொழிலாளர் வாழ்ந்த சிறு நகரங்களின் கழகங்கள் அங்கு ஒரு லீக்காக இணைந்திருந்தன. ஒவ்வொரு கழகமும் ஊதியம் பெறும் தொழில்முறை வீரர் ஒருவரை மட்டுமே வைத்திருக்கலாம். ஏனைய பத்துப் பேரும் உள்ளூர் ஆர்வலர்கள். மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, சாய்ந்தமருது, கல்முனைப் பகுதிகளிற் பெருநாட் காலத்து மென்பந்துச் சுற்றுப்போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்நிலை எளிதில் விளங்கும். ஊரார் சேர்த்த பணத்தில் வெளியூரிலிருந்து ஆட்டக்காரரை அழைத்தல் நாம் அறியாததன்று. அவ்வாறு அழைப்பதாயின் யாரை அழைப்பது என்பதிலேதான் கழகக் கூட்டங்கள் நள்ளிரவு வரை நீளும்.

நெல்சன் என்னும் நகரத்துக் கழகம் 1929இல் அழைத்தவர் திரினிடாட் தீவைச் சேர்ந்த லியரி கொன்ஸ்டன்டைன். பருவமொன்றுக்கு 500 பவுண் ஊதியம். நெசவாளர் நகரமொன்றுக்கு அது சிறு தொகையன்று. அவர் ஆடிய ஒன்பது பருவங்களுள் ஏழில் நெல்சன் லீக்கில் முதலிடம் பெற்றது. எஞ்சிய இரண்டிலும் இரண்டாமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை. அடித்தாடவும், வேகமாகப் பந்து வீசவும், களத்தடுப்பிற் பார்ப்போரை எழுந்து நிற்கச் செய்யவும் வல்லவர் அவர். ஒரே ஒருவருக்குத்தான் பணம் கொடுக்கலாம் என்ற விதி இருக்குமிடத்து, ஒரு துறையில் மட்டும் வல்லவரைவிட மூன்று துறையிலும் வல்லவரை எடுத்தலே அறிவுடைமை. அவரைக் காண வந்த கூட்டம் நுழைவுக் கட்டணமாகக் கொடுத்த பணம் கழகத்துக்கு மீண்டு வந்தது.

எனினும் அத்தகைய ஆட்டக்காரர் ஒருவர் நெல்சனுக்கு எவ்வாறு கிடைத்தார் என்பதையும் நோக்குதல் வேண்டும். திரினிடாட்டில் அவர் எழுதுவினைஞராகக் காலங்கழித்தவர். கறுப்பினத்தவர் ஒருவர் துடுப்பாட்டத்தாற் சீவனம் நடத்தவோ அதனால் உயர் நிலை அடையவோ அக்காலத்தில் அங்கு வழியிருக்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகள் அணியின் நிலையான தலைமைப் பதவி கறுப்பினத்தவர் ஒருவருக்கு 1960இலேதான், பிராங் வொரெலுக்கு, அளிக்கப்பட்டது. தாய்நாடு விலை மதிக்காதவரை ஒரு நெசவாளர் நகரம் விலை மதித்தது. 1969இற் பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் அவர் பிரபுவாக அமர்ந்தபோது தம் பட்டப் பெயரில் நெல்சனையும் சேர்த்துக்கொண்டார் என்பது, ஊதியத்துக்கு அப்பாலும் அவ்வுறவு சென்றதைக் காட்டுகின்றது.

இவ்வினாவைக் கணக்காகவே மாற்றி நூற்றாண்டு காலம் ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர். அவர்களது பேஸ்போல் ஆட்டம் நமக்கு அந்நியமானதாயினும், பந்தை எறிபவரும் கட்டையால் அடிப்பவரும் எதிர்நிற்கும் அடிப்படை துடுப்பாட்டத்துக்கு உறவானதே. அங்கே 1879 முதல் கழக உரிமையாளர் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டனர். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரன் அதே கழகத்துக்கே உரியவன். கழகம் அவனை விற்கலாம், மாற்றலாம். அவனாக வேறிடம் செல்லலாகாது. கடன் தீரும்வரை வேறொரு போடியாரிடம் அடுத்த போகத்துக்குச் செல்ல இயலாத முல்லைக்காரனை நினைத்தால் இந்நிலை புலனாகும். கடனேதும் படாமலே அவ்வாறு கட்டுண்டவன் பேஸ்போல் வீரன்.

இவ்வேற்பாட்டோடு நிறத்தடையும் சேர்ந்திருந்தது. கறுப்பின வீரர் தனி லீக்குகளில் மட்டுமே ஆடினர். 1945இல் புரூக்ளின் டொட்ஜர்ஸ் கழகத்தின் பிராஞ்ச் ரிக்கி, ஜக்கி றொபின்சனை ஒப்பந்தஞ் செய்தார்; 1947 ஏப்ரல் 15இல் றொபின்சன் பெருலீக்கிற் களமிறங்கினார். அவ்வாண்டு அவர் பெற்ற சம்பளம் 5,000 டொலர். அவர் முன்னர் ஆடிய கான்சாஸ் நகரக் கறுப்பினக் கழகத்துக்கு ரிக்கி ஈடாக எதுவுங் கொடுக்கவில்லை. ரிக்கியின் செயல் அறவுணர்வாற் பிறந்ததா, இலாப நோக்காற் பிறந்ததா என வாதிடுவர். இரண்டும் கலந்திருந்தன என்றே எனக்குத் தோன்றுகின்றது. மற்றைய கழகங்கள் தம் கண்ணைத் தாமே கட்டிக்கொண்டிருந்தபோது, கட்டை அவிழ்த்தவர் சிறந்த வீரரைச் சிறு விலைக்குப் பெற்றார். 1947 முதல் 1956 வரையான பத்தாண்டுகளில் டொட்ஜர்ஸ் ஆறு முறை தம் லீக்கை வென்றது. 1955இல் உலகத் தொடரையும் வென்றது. கறுப்பின வீரரை இறுதியாகச் சேர்த்துக்கொண்டது பொஸ்டன் றெட் சொக்ஸ் கழகம். அது 1959இல் நிகழ்ந்தது. 1918இற் பெற்ற உலகத் தொடர் வெற்றிக்குப் பின் 2004 வரை அக்கழகம் அதனை மீண்டும் பெறவில்லை. அந்த 86 ஆண்டு வறட்சிக்குப் பேப் ரூத்தை விற்றதால் வந்த சாபம் காரணமென்று பொஸ்டன் மக்கள் கதை கட்டினர். சாபத்தைத் தேடுமுன் அவர்கள் தம் வீரர் பட்டியலின் நிறத்தைப் பார்த்திருக்கலாம்.

வீரனைக் கட்டிவைத்த விதியை எதிர்த்தவர் கேர்ட் பிளட். 1969இல் தம்மைப் பிலடெல்பியாவுக்கு மாற்றிய கட்டளையை ஏற்க மறுத்து வழக்கிட்டார். 1972இல் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அவரது ஆட்ட வாழ்வும் முடிந்தது. ஆயினும் 1975 டிசம்பரில் வேறிரு வீரர்களின் முறைப்பாட்டில் நடுவர் ஒருவர் அளித்த தீர்ப்பு அக்கட்டை அவிழ்த்தது. ஆறாண்டு சேவை முடித்தவர் விரும்பிய கழகத்துக்குச் செல்லலாம் என்ற முறை அதன்பின் ஏற்பட்டது. வீரருக்கு உண்மைச் சந்தை விலை என ஒன்று அன்றிலிருந்தே உண்டு.

சந்தை திறந்தவுடன் பணக்காரக் கழகங்களே எப்போதும் வெல்லும் என்று அஞ்சினோர் பலர். அவ்வச்சத்துக்கு ஆதாரமும் இருந்தது. 2001ஆம் ஆண்டின் முடிவில் ஒக்லன்ட் கழகத்தின் முதன்மை வீரரான ஜேசன் ஜியாம்பியை நியூயோர்க் யாங்கீஸ் ஏழாண்டுகளுக்கு 12 கோடி டொலருக்கு எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு ஒக்லன்ட் கழகம் தன் வீரர் அனைவருக்கும் கொடுத்த சம்பளம் ஏறத்தாழ 4 கோடி டொலர்; யாங்கீஸ் கொடுத்தது ஏறத்தாழ 12 கோடி 50 இலட்சம் டொலர். அந்த 2002ஆம் ஆண்டில் இரு கழகங்களும் ஒரே எண்ணிக்கையான வெற்றிகளைப் பெற்றன: 103. ஒக்லன்ட் தொடர்ச்சியாக 20 ஆட்டங்களையும் வென்றது.

ஒக்லன்ட் முகாமையாளர் பில்லி பீன் கண்டது இதுதான். அடிப்பவர் நான்கு தவறான பந்துகளை அடியாது விட்டாராயின் முதலாந் தளத்துக்கு நடந்தே செல்லலாம் என்பது பேஸ்போல் விதி. பந்தை நெடுந்தூரம் அடிப்பவருக்குச் சந்தை அள்ளிக் கொடுத்தது. பொறுமையாக நின்று தளத்தை அடைபவருக்குக் கிள்ளியே கொடுத்தது. ஆட்டத்தை வெல்வதிற் பின்னவரின் பங்கு சந்தை எண்ணியதைவிடப் பெரிது என்பதைப் புள்ளிவிபரம் காட்டியது. பில் ஜேம்ஸ் என்பவர் இதனைப் பல்லாண்டுகள் எழுதியும் கழகத்தார் காதிற் போட்டுக்கொள்ளவில்லை. முழங்கையிற் காயமுற்றுப் பந்தை எறிய இயலாதவராகக் கைவிடப்பட்ட ஸ்கொட் ஹட்டபேர்க்கை ஒக்லன்ட் சிறு விலைக்கு எடுத்தது. இருபதாவது தொடர் வெற்றியை ஈட்டிய அடி அவருடையதே. 2003இல் மைக்கல் லூயிஸ் எழுதிய ‘மணிபோல்’ என்ற நூல் இக்கதையை உலகறியச் செய்தது.

நூல் அழுத்திக் கூறாத பக்கமும் உண்டு. அவ்வாண்டு ஒக்லன்டைத் தூக்கி நிறுத்தியவர்களுள் முதன்மையானோர் இளம் எறிவீரர் மூவரும் டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த மிகெல் டெஹாடாவும் ஆவர். டெஹாடா அவ்வாண்டின் சிறந்த வீரர் விருதையும், பரி சிட்டோ சிறந்த எறிவீரர் விருதையும் பெற்றனர். இவர்கள் ஆறாண்டு சேவையை நிறைவு செய்யாதவர்கள், ஆதலால் வேறிடம் போக உரிமையற்றவர்கள், ஆதலால் மலிவானவர்கள். ஒக்லன்டின் வெற்றியில் ஒரு பாதி கணக்கறிவின் பயன் எனின், மறுபாதி பழைய கட்டின் எச்சத்தால் வந்த இலாபம். 2002இன் பிற்பகுதியிற் பொஸ்டன் கழகம் பில் ஜேம்ஸையே பணிக்கமர்த்தியது; 2004இல் உலகத் தொடரை வென்றது. ஏழைக் கழகம் கண்டுபிடித்ததைப் பணக்காரக் கழகம் கற்றுக்கொண்டால் ஏழைக்கு எஞ்சுவது சொற்பம்.

துடுப்பாட்டத்தில் இத்தகைய திறந்த சந்தை காலந்தாழ்த்தியே வந்தது. 1977இல் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி உரிமையாளர் கெரி பெக்கர் ஐம்பதுக்கு மேற்பட்ட முன்னணி வீரரை இரகசியமாக ஒப்பந்தஞ் செய்து தனித்தொடர் நடத்தியமை முதற் குலுக்கல். நமது நாட்டுக்கு உறைத்தது 1982ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. அவ்வாண்டு பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டியில் தலைமை தாங்கிய பந்துல வர்ணபுர, அதே ஆண்டிலேயே நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவுக்கு ஓர் அணியை நடத்திச் சென்றார். சென்றோர் அனைவருக்கும் 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது முன்கூட்டியே நீக்கப்பட்டதாயினும் அவர்களது ஆட்டக் காலம் கழிந்துவிட்டது. அவர்கள் சென்றது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், நாட்டுக்காக ஆடுவோனுக்கு வாழ்வூதியம் இல்லாத நிலையில் அவன்முன் வைக்கப்பட்ட தொகையின் கனத்தை எண்ணாது தீர்ப்பளிப்பவர் வரலாற்றைப் பாதியே படித்தவராவர்.

இப்பின்னணியில் ராஜஸ்தானின் 2008ஆம் ஆண்டுக் கணக்கை நோக்குவோம். அணித்தலைவர் ஷேன் வோர்ன் சர்வதேசப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரது விலை 450,000 டொலர். தொடரின் சிறந்த வீரராகத் தெரிவான ஷேன் வொட்சன் 472 ஓட்டங்களும் 17 விக்கெட்டுகளும் எடுத்தார். விலை 125,000 டொலர். அதிக விக்கெட்டுகளான 22ஐ வீழ்த்தியவர் பாகிஸ்தானின் சொஹைல் தன்வீர். விலை 100,000 டொலர். இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் யூசுப் பதான் 475,000 டொலருக்கு எடுக்கப்பட்டவர். அவ்வணி யாவரினும் அதிகமாகக் கொடுத்தது முகம்மத் கைப்புக்கு, 675,000 டொலர். அவரது ஆட்டம் அவ்விலைக்கு ஈடாகவில்லை. ஆக, மலிவாக வாங்கும் வித்தையை ராஜஸ்தான் முற்றாகக் கற்றிருந்ததென்றுஞ் சொல்வதற்கில்லை. பிழைத்த இடத்திலும் அது சிறிதளவே இழந்தது என்பதே பொருத்தம்.

இன்னொரு விதியும் இங்கு முக்கியமானது. ஆடும் பதினொருவருள் வெளிநாட்டவர் நால்வருக்கு மேற்படலாகாது. எனவே எஞ்சிய ஏழு இடங்களை இந்தியரைக் கொண்டே நிரப்ப வேண்டும். ஏலத்தில் பெயர்பெற்றவர்மேல் எல்லோரும் பாய்ந்தனர். ஏழாவது இந்தியர் யார் என எண்ணியோர் சிலரே. கோவாவிலிருந்து வந்த ஸ்வப்னில் அஸ்னோத்கர் என்ற பெயர் அறியப்படாத இளைஞர் ராஜஸ்தானுக்குத் தொடக்க ஆட்டக்காரராக 311 ஓட்டங்கள் குவித்தார். மறுபுறம், அன்ட்ரூ சைமண்ட்ஸுக்கு 13 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்த ஹைதராபாத் அணி கடைசி இடத்தைப் பெற்றது. துடுப்பாட்டம் சங்கிலி போன்றது. பலவீனமான கண்ணியைத் தேடித்தான் எதிரணி பந்தை வீசும். முதலாவது வீரனுக்குக் கொடுக்கும் கடைசி இலட்சத்தைப் பதினோராவது வீரனுக்குக் கொடுத்தாற் பயன் பெரிது.

பத்தாண்டின் பின் சென்னை அணி வேறொரு மலிவைக் கண்டது. 2018இல் இரண்டாண்டுத் தடை முடிந்து திரும்பிய அவ்வணி முப்பது வயது கடந்தோரை நிறைய எடுத்தமையால் நகைப்புக்கு உள்ளாயிற்று. இளமையே இருபது ஓவர் ஆட்டத்தின் மூலதனம் என்பது அன்றைய சந்தையின் நம்பிக்கை. 4 கோடி இந்திய ரூபாவுக்கு எடுக்கப்பட்ட, 36 வயதான அதே வொட்சன் இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காது 117 ஓட்டங்கள் பெற்றார். 2 கோடி 20 இலட்சத்துக்கு எடுக்கப்பட்ட அம்பத்தி ராயுடு தொடரில் 602 ஓட்டங்கள் எடுத்தார். கிண்ணம் சென்னைக்கு. நிறத்தைக் கண்டு ஒதுங்கிய சந்தையைப் போலவே வயதைக் கண்டு ஒதுங்கிய சந்தையும் ஏமாந்தது.

இதற்கு மாறான சான்றுகளும் உள. 2024இல் மிட்செல் ஸ்டாக்குக்கு 24 கோடி 75 இலட்சம் ரூபா கொடுத்த கொல்கத்தா அணியே அவ்வாண்டு வென்றது. முதல் தகுதிகாண் போட்டியிலும் இறுதிப் போட்டியிலும் அவரே சிறந்த ஆட்டக்காரர். ஆனால் அதே அணியில் 488 ஓட்டங்களும் 17 விக்கெட்டுகளும் பெற்ற சுனில் நரைனுக்கு 6 கோடியும், 19 விக்கெட் வீழ்த்திய ஹர்ஷித் ராணாவுக்கு 20 இலட்சமுமே செலவாயின. கீழே அத்திவாரம் மலிவாகவும் உறுதியாகவும் இருந்தமையால் மேலே விலையுயர்ந்த கோபுரத்தைத் தாங்கிற்று. அவ்வாண்டு நவம்பரில் ஜித்தா நகரத்து ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடிக்கு லக்னோவுக்கும், ஷ்ரேயாஸ் ஐயர் 26 கோடி 75 இலட்சத்துக்குப் பஞ்சாபுக்கும் சென்றனர். 2025இல் லக்னோ ஏழாமிடம். பஞ்சாப் இறுதிப் போட்டிவரை சென்று ஆறு ஓட்டங்களால் தோற்றது. ஏறக்குறைய ஒரே விலை, விளைவு வேறு. விலையைக் கொண்டு ஆட்டத்தை முன்னறிய முடியும் என்போர் இவ்விரு தொகைகளையும் அருகருகே எழுதிப் பார்ப்பது நன்று.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். கண்டி திரித்துவக் கல்லூரி மாணவரான மதீஷ பத்திரன 2022இல் காயமுற்ற ஒருவருக்குப் பதிலாக 20 இலட்சம் ரூபாவுக்குச் சென்னை அணியிற் சேர்ந்தார். அவரது பந்துவீச்சு 2023ஆம் ஆண்டு வெற்றிக்குத் துணையாயிற்று. 2024இன் பிற்பகுதியில் அவரைத் தக்கவைத்துக்கொள்ள அதே அணி கொடுத்த விலை 13 கோடி. மறு பருவத்தில் சென்னை பத்து அணிகளுட் பத்தாமிடத்தைப் பெற்றது. அதற்கு அவர் ஒருவரே காரணமல்லர். ஆனால், 20 இலட்சத்துக்கு அவரைப் பெற்றபோது மீந்த பணத்தால் வேறு வீரரைப் பெற முடிந்தது. 13 கோடிக்குப் பெற்றபோது அவ்வாறு மீந்ததொன்றுமில்லை. பொஸ்டனுக்கும் ஒக்லன்டுக்கும் இடையில் நடந்தது இங்கு ஓர் அணிக்குள்ளேயே நடந்தது. வீரனின் பக்கத்திலிருந்து பார்த்தாலோ, முதல் மூன்று பருவங்களிலும் அவனுக்குச் சேரவேண்டியது சேரவில்லை என்பதே பொருள்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடினார். 2024 மே மாதத்தில் ஹைதராபாத் அணிக்காக இந்தியத் தொடரிற் களமிறங்கினார். அவரது விலை 50 இலட்சம் ரூபா, அதாவது அவருக்குக் குறிக்கப்பட்ட அடிப்படை விலை. போர் நடந்த மண்ணில் வளர்ந்த ஒருவரை யாரேனும் பார்ப்பதற்கு, அம்மண்ணின் பெயரில் ஓர் அணி முதலில் இருக்க வேண்டியிருந்தது. 2020 முதல் 2024 வரை நடந்த ஐந்து லங்கா பிரிமியர் தொடர்களில் நான்கை யாழ்ப்பாண அணியே வென்றமையும் இங்கு நினைக்கத்தக்கது.

அத்தொடரின் ஏனைய அணிகள் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை என்னும் பெயர்களைக் கொண்டவை. கிழக்கு மாகாணத்தின் பெயரில் ஐந்து தொடர்களிலும் ஓர் அணியும் இருந்ததில்லை. காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறைக்குச் செல்லும் வீதியில், அறுவடை முடிந்த வயலிலே மென்பந்தை வேகமாக வீசும் இளைஞனின் திறமை எவ்வளவு பெறும் என்று எவரும் கேட்டதில்லை. கேட்கப்பட வேண்டுமாயின் அவன் முதலிற் கடினப்பந்துக்கு மாற வேண்டும். பின் கொழும்புக் கழகம் ஒன்றிற் சேர வேண்டும். அங்கே தங்குமிடமும் உத்தியோகமும் தேட வேண்டும். 1929இற் கொன்ஸ்டன்டைன் திரினிடாட்டிலிருந்து நெல்சனுக்குக் கப்பலேறினார். கல்முனைக் கரையிலிருந்து கொழும்புக்கு ஓரிரவுப் பேருந்துப் பயணந்தான்.